எண்ணெய்ச்சட்டி என்றொரு கார்

சனிக்கிழமை காலையில் கான்டீனின் பின்வாசலில் காலிக் கேன்களை இறக்கிவைத்துவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் அடுப்படியை எட்டிப் பார்ப்பார். அப்படிப் பார்த்த ஒரு நாள் ஜன்னல் விளிம்பில் சமையலக்காவின் மூக்குக்கண்ணாடி கிடந்தது. ஒரு காலுக்கு நூல் சுற்றியிருந்தது. இரண்டு வில்லைகளிலும் பிசுக்கும் கீறலும். அக்கா சாமான் அறைக்குப் போயிருந்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மத்தியானம் திரும்பி வந்து, அதே இடத்தில் அதே கோணலாக வைத்துவிட்டுப் போய்விட்டார். அதே பவரில் புது வில்லைகள், புதுத் திருகு. திருகின் மேல் பழையபடி நூலையும் சுற்றியிருந்தார்.

காலையெல்லாம் தேடிக் களைத்த அக்கா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. "எத்தன நாளா வேண்டிக்கிட்டிருந்தேன், சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்று கான்டீன் முழுக்கச் சொன்னாள். நூல் இற்று விழுந்து புதுத் திருகு தெரிந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அப்போதும் கடவுளுக்குச் சொன்ன நன்றியை அவள் திருப்பி வாங்கவில்லை. கடவுள் என்ன, கையில் திருப்புளியோடா வருவார்? யாரையாவதுதானே அனுப்புவார்.

அவர் அனுப்பிய இந்த ஆளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கான்டீனில் பொரித்து முடித்து, இனி ஆகாது என்று ஒதுக்கும் எண்ணெயைக் கேட்டு வாங்கிப்போய், தன் பழைய டீசல் காருக்கு ஊற்றி ஓட்டுகிறார். தெருவே அந்தக் காரை எண்ணெய்ச்சட்டி என்றுதான் சொல்லும். அது புகைவிட்டுப் போனால் போன வாரம் கான்டீனில் என்ன சமையல் என்று தெரிந்துவிடும். உருளைக்கிழங்கு பொரித்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். மீன் பொரித்த வாரம் பூனைகள்.

"இவரோட கார்ல ஏறினாலே எனக்குப் பசிக்குது. நான் இளைக்காம இருக்கிறதுக்கு இதுதான் காரணம்" என்பது அவர் மனைவியின் நிரந்தரப் புகார். கொல்லைப்புறத்தைப் பார்த்தால் அந்த அம்மாவின் பொறுமைக்குக் கோயிலே கட்டலாம். கொடியில் துணி காய இடமில்லை. பழைய ஜீன்ஸ்களின் கால்களை வெட்டி, அடியில் தைத்து, வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார் கடைக்காரர். அவற்றில் ஊற்றிய எண்ணெய் சொட்டுச்சொட்டாகக் கீழே வாளியில் வடிகிறது. புதிதாக வருகிறவர்கள், யாரோ சுவரேறிக் குதிக்கிறார்கள் என்று பயந்துபோவார்கள். வடிந்ததில் ஒரு சொட்டைச் சூடான வாணலியில் விட்டுப் பார்ப்பார். படபடவென்று வெடித்தால் தண்ணீர் கலந்திருக்கிறதென்று மறுபடி காய்ச்சுவார். பிறகு ஒரு சீசாவில் ஊற்றி, கடையில் வில்லையைப் பார்ப்பதுபோலவே வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "பவர் சரியா இருக்கு" என்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

யாராவது கேட்டுவிட்டால் போச்சு. மனிதர் உட்காரமாட்டார், எதிரில் இருப்பவரையும் உட்காரவிடமாட்டார். கிளப்பும்போது சின்ன டாங்கியில் இருக்கும் டீசலில் ஓடவேண்டும். இஞ்சின் சூடானதும் ஒரு குமிழைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் மறக்காமல் மறுபடி டீசலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிடவேண்டும். இல்லாவிட்டால் குழாயில் தங்கிய எண்ணெய் குளிரில் உறைந்துவிடும். "படுக்கிறதுக்கு முன்னாடி வாய் கொப்பளிக்கிறோம் இல்லியா, அந்த மாதிரி" என்பார். கேட்டுக்கேட்டு அக்காவுக்கு இது மனப்பாடம்.

கான்டீன் வேலையை விட்டுவிட்டு, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருக்கும் மகளோடு போய்த் தங்குவதென்று அக்கா முடிவு செய்திருந்தாள். மகள் முழுகாமல் இருந்தாள். மருமகன் கப்பலில் இருந்தான். பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் மகள் தனியாக இருக்கிறாள். அன்று பார்த்து பஸ்காரர்கள் வேலைநிறுத்தம். அக்கா பெட்டியும் சுடுதண்ணீர் பிளாஸ்க்குமாகத் தெருமுனையில் நின்றபோது, புகையோடு எண்ணெய்ச்சட்டி வந்து நின்றது.

"ஏறுங்கக்கா. உங்க எண்ணெதான், உங்களக் கொண்டுபோய்ச் சேர்க்காதா?"

மலையடிவாரம் வரை சமர்த்தாகத்தான் போனது. அங்கே ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று நடுவில் நின்றுவிட்டதாம். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. வண்டிகள் எல்லாம் இஞ்சினை நிறுத்தின, இவரும் நிறுத்தினார். முன்னால் நின்ற லாரியின் டிரைவர் இறங்கி வந்து மூக்கை உறிஞ்சினார்.

"என்னண்ணே, வண்டிக்குள்ள அடுப்பு வச்சிருக்கீங்களா?"

அவ்வளவுதான். கடைக்காரர் கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். ஜீன்ஸ் கால், வாணலி, வாய் கொப்பளிப்பு எல்லாம் ஆனது. ரயில் நகர்ந்தது, கேட் திறந்தது, லாரி போயிற்று. எண்ணெய்ச்சட்டி மட்டும் இருமிக்கொண்டு அங்கேயே நின்றது.

"தம்பி" என்றாள் அக்கா. "இன்னைக்கு வாய் கொப்பளிச்சீங்களா?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். "அந்த லாரிக்காரரு கேட்டாரா..."

"அவரு கேட்டுட்டுப் போயிட்டாரு. எம்பொண்ணு அங்க தனியாக் கெடக்கா."

பின்னால் ஹாரன்கள் அலறின. அக்கா கண்ணை மூடினாள். "சாமி, இந்த எண்ணெய்க்குக் கொஞ்சம் மனசு எளகக் குடு. இந்த மனுசனுக்குக் கொஞ்சம் மறதியக் கொறச்சுக் குடு." வாய் வேண்டிக்கொண்டிருக்க, கை பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. இறங்கி இஞ்சின் மூடியைத் தூக்கினார். சுற்றிக்கட்டத் துணி தேடினார். கிடைக்கவில்லை. தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டார் என்று மனைவி சொல்லும் குல்லாயைத் தலையிலிருந்து உருவி, எண்ணெய்க் குழாயைப் பொதிந்து பிடித்தார். வழுக்கை வெயிலில் வைத்த வில்லைபோல மின்னியது. அக்கா அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே குல்லாயின் மேல் சுடுதண்ணீரைச் சன்னமாக ஊற்றினாள்.

பிளாஸ்க் காலியானது. டீசலுக்குத் திருப்பிச் சாவியை முறுக்கினார். செருமியது, நின்றது. மறுபடி முறுக்கினார். செருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது. மலை ஏறி இறங்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பிரசவ வார்டு வாசலில் நர்ஸ், "யாரு இங்க என்னத்தப் பொரிச்சது?" என்றபடி கதவைத் திறந்தார். "அம்மாவா? சீக்கிரம் போங்க. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க." அக்கா ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடாமலேயே பேத்தியின் முதல் அழுகையைக் கேட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கீழே வந்தபோது, அவர் இஞ்சினை நிறுத்தாமலே காத்திருந்தார். குல்லாய் இல்லாத தலையில் கைக்குட்டை கட்டியிருந்தது. பெண்குழந்தை, இரண்டு பேரும் நலம் என்றதும் முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

"உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் நடுவுல என் வாய் வந்து நின்னிருக்கும்க்கா."

"நிக்கல இல்ல, விடுங்க. இனிமே நான் இங்கதான் தம்பி. அந்தப் பக்கம் வர எனக்கு வேலையில்ல. உங்க வீட்டம்மாகிட்டச் சொல்லிடுங்க."

அவர் தலையாட்டினார். வண்டியின் பின்பக்கம் போய் ஒரு காலிக் கேனை எடுத்துவந்து, அவள் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மலையேறி வந்து திரும்புவதற்குள் எண்ணெய்ச்சட்டி அந்தக் கேன் அளவுக்கு மேலேயே குடித்துவிடும். அது அவருக்குத் தெரியாததல்ல.

"மக வீட்டுல பொரிக்கிற எண்ணெயக் கீழ ஊத்திடாதீங்கக்கா" என்றார். "மாசாமாசம் வந்து எடுத்துக்கறேன்."