செக்கரின் சட்டைப் பை

பஸ்ஸில் ஏறிய மாத்திரத்தில் டிக்கெட் எடுக்காதவன் யார் என்று செக்கருக்குத் தெரிந்துவிடும். எடுத்தவர்கள் அவரை நிமிர்ந்து பார்ப்பார்கள், அல்லது வாயைப் பிளந்து தூங்குவார்கள். எடுக்காதவன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே இல்லாத எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த வித்தையை டிப்போவிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வரத் தெரிந்திருந்தால் மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார். அவருக்கு அது தெரியவில்லை. காய்கறிக்காரர் ஒரு தக்காளி கூடுதலாகப் போட்டால், அடியில் அழுகல் இருக்கிறது என்று பையைக் கவிழ்த்துப் பார்ப்பார். யாராவது வலிய வந்து சிரித்தால் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுக்கொள்ளும். "சோழியன் குடுமி சும்மா ஆடாது" என்று மூச்சுக்கு மூச்சு சொல்வார். அவர் மனைவிக்கு அந்தக் குடுமியைப் பிடித்து அறுக்கலாம் போலிருக்கும்.

நகரத்தில் அவர்களுக்கு வாய்த்தது மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே மனைவியின் தையல் மெஷின். மகள் அதன் பெடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். மெஷின் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பார். இரண்டாவதாகப் பையன் பிறந்து, அவனும் ஓடியாட ஆரம்பித்தபோது, ஓடுவதற்கு இடமில்லை. அதே மாதம் வாடகையும் ஏறியது. இவ்வளவு நாள் கையைக் கடித்த வாடகை இப்போது கழுத்தைப் பிடித்தது.

ஊருக்கு வெளியே போய்விடலாம் என்று முதலில் சொன்னது மனைவிதான். தினமும் நகரத்துக்கு வந்துபோகும் பஸ் செலவு மற்றவர்களுக்குத்தான் பயம். செக்கருக்கு ஊழியர் பாஸ் இருந்தது. எவ்வளவு தூரம் போனாலும் காலணா செலவில்லை. ஆனால் வீடு கிடைக்க வேண்டுமே. போன இடத்திலெல்லாம், "எத்தனை பிள்ளைங்க?" என்றார்கள். "ரெண்டு" என்றதும் முகம் சுருங்கியது. சின்னப் பிள்ளைகள் சுவரில் கிறுக்கும், குழாயைத் திறந்துவிடும், மத்தியானம் தூங்கவிடாது.

கடைசி நிறுத்தத்தில் ஒரு வீடு காலியாக இருப்பதாக ஒரு கண்டக்டர் சொல்லித்தான் அங்கே போனார்கள். வீட்டுக்காரர் மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு இன்னும் லைன்மேன் என்றுதான் பேர். அவரும் அதே கேள்வியைக் கேட்டார்.

"எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு" என்றார் செக்கர், திரும்பிப் போகக் காலைத் தயாராக வைத்துக்கொண்டு.

லைன்மேன் முகம் மலர்ந்தது. "பெரியவளுக்கு என்ன வயசு?"

"ஏழு."

"அடடா! சின்னவனுக்கு?"

"மூணு."

"பரவால்ல, வளந்துடுவான்" என்றார் லைன்மேன். பிறகு ஒரு வாடகை சொன்னார். நகரத்தில் அந்தத் தொகைக்குக் கார் நிறுத்தக்கூட இடம் தரமாட்டார்கள். இரண்டு அறை, தனிச் சமையலறை, பின்பக்கம் துணி காயப்போட இடம். அட்வான்ஸ்கூட, "முடிஞ்சப்ப குடுங்க" என்றார்.

செக்கரின் மனைவி கண்ணில் நீர் நின்றது. செக்கரின் கை சட்டைப் பைக்குப் போனது.

வேறு வழியில்லாமல் குடிவந்தார்கள். வந்த அன்றிலிருந்து செக்கர் விசாரணையை ஆரம்பித்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தார், தெளிவாக இருந்தது. குறை ஒன்றும் அகப்படாதது அவருக்குப் பெரிய குறையாகப் பட்டது. டீக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"அந்த வீட்ல முன்ன யார் இருந்தாங்க? யாராச்சும் தவறிட்டாங்களா?"

"ச்சே, ச்சே! நல்ல வீடு சார். பிள்ளைங்களுக்கு ஏத்த இடம்."

எதிர்வீட்டுத் தச்சரிடம் கேட்டார். "நல்ல வீடுங்க. பிள்ளைங்களுக்கு ஏத்த இடம்" என்றார் அவர். தெருக்கோடியில் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதன் டீச்சரும் சொல்லிவைத்தாற்போல் அதையே சொன்னார்.

தொழிலில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு. நிஜம் சொல்கிற இரண்டு பேர் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். வார்த்தை பிசகாமல் ஒரே மாதிரி சொன்னால், ஏறுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். இங்கே ஒரு தெருவே பேசி வைத்துக்கொண்டிருந்தது.

அதோடு ஒவ்வொருவரும் மகளிடம் குழைந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. டீக்கடைக்காரர் அவளுக்குப் பன் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். தச்சர் அளவெடுத்து ஒரு சின்ன மேஜை செய்து வாசலில் கொண்டுவந்து வைத்தார். வழியில் பார்த்தவர்களெல்லாம், "பாப்பா ஸ்கூலுக்குப் போறியா? பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் செக்கருக்கு ஞாபகம் வந்தது. பத்திரிகையில் படித்த பிள்ளை பிடிக்கிற செய்திகளெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் ஊர்ந்தன. அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

"நம்ம பிள்ளை மேல இவங்களுக்கு என்ன இவ்வளவு கரிசனம்?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அவ சமத்தா இருக்கா, கொஞ்சறாங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"கொஞ்சறதுக்கு ஒரு அளவு இல்ல?"

"எனக்கு இங்க மெஷின் ஓட்டினா யாரும் கூரையை இடிக்கறதில்ல. அதுவே எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு அவள் பெடலை மிதித்தாள்.

மகளைத் தெருக்கோடிப் பள்ளியில் உட்காரவைத்தாயிற்று. பழைய பள்ளியின் டி.சி. வந்ததும் பதிவேட்டில் சேர்த்துக்கொள்வதாக டீச்சர் சொன்னார். டி.சி. வந்துவிட்டது. செக்கரே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தார். ஆனால் கொடுக்கவில்லை. மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, யூனிபாரத்தின் மேல்பையில் வைத்துக்கொண்டார். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. நாளைக்கே ஓட வேண்டியிருந்தால், கொடுத்த டி.சி.யைத் திரும்ப வாங்க யார் அலைவது? மனைவியிடம்கூட, "இன்னும் தரல, இழுத்தடிக்கிறாங்க" என்றுதான் சொன்னார்.

டீச்சர் வாராவாரம் கேட்டார். "சார், டி.சி. வந்துடுச்சா?" பிறகு இரண்டு நாளைக்கொரு தரம் கேட்டார். ஒரு தடவை பஸ் நிறுத்தத்துக்கே வந்து கேட்டார். அவர் கேட்கக் கேட்க, செக்கரின் கை பையை இன்னும் இறுக்கியது. ஒரு துண்டுக் காகிதத்துக்கு எந்த டீச்சர் இப்படிப் பறப்பார்?

ஒரு சாயங்காலம் டியூட்டி சீக்கிரம் முடிந்து வந்தபோது, லைன்மேன் வீட்டு முன்னறையில் கூட்டம். ஜன்னல் திறந்திருந்தது. டீச்சர், தச்சர், டீக்கடைக்காரர் மூவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். லைன்மேனின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அந்தப் பொண்ணு மட்டும் உள்ள வந்துட்டா போதும். அப்புறம் நம்மள யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

செக்கர் ஓரடி பின்வாங்கினார். செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பிய நான்கு பேரும், ஒரே நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே இல்லாத எதையோ உற்றுப் பார்த்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "மூட்டையக் கட்டு" என்றார்.

மனைவி கட்டவில்லை. சண்டை மூண்டது. கேட்டதை அவர் சொன்னார். அவள் ஒரு கணம் திகைத்தாள், பிறகு தலையை ஆட்டினாள். "பையனுக்கு ஜுரம் வந்தப்ப பக்கத்து வீட்டு அக்கா அவனை நாள் பூரா இடுப்புல வச்சிருந்தாங்க. அவங்களெல்லாம் பிள்ளை பிடிக்கிறவங்களா? உங்க கண்ணுக்கு உலகமே டிக்கெட் எடுக்காமதான் போகுது. நான் வரல. நீங்க வேணா போய் அந்த மூணாவது மாடியில தனியா நில்லுங்க."

மறுநாள் செக்கர் லீவு போட்டார். ஆனாலும் வழக்கம்போல யூனிபாரம் மாட்டிக்கொண்டு, பழைய வீட்டுக்காரரைப் பார்க்க நகரத்துக்குப் போனார். அறை இன்னும் காலியாகத்தான் இருந்தது. வாடகை மட்டும் இன்னொரு படி ஏறியிருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் மாடிப்படியில் நின்றபோது மனைவி போன் செய்தாள். அவள் குரல் விசித்திரமாக அமைதியாக இருந்தது.

"டி.சி. எங்க?"

"அதான் சொன்னேனே, இன்னும்..."

"டீச்சர் பழைய ஸ்கூலுக்கு போன் பண்ணிட்டாங்க. அப்பவே நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கிட்டீங்களாம்."

செக்கரின் கை மேல்பைக்குப் போனது.

"இங்க ஸ்கூல்ல கல்வி ஆபீசர் வந்திருக்காரு. பதிவேட்டுல ஒரு பிள்ளை குறைஞ்சா ஸ்கூலை மூடிடுவாங்களாம். அப்புறம் இந்தத் தெருப் பிள்ளைங்க எல்லாம் ஹைவே தாண்டித்தான் போகணும், லாரிக்கு நடுவுல. அதுக்குத்தான் பிள்ளை இருக்கிற குடும்பமாத் தேடி, பாதி வாடகைக்கு விட்டிருக்காங்க. மீதியைத் தெருவே சேர்ந்து போடுதாம். டீச்சர் இப்பதான் அழுதுகிட்டே சொன்னாங்க. உங்க மக பேர் ஏறினாத்தான் கணக்கு சரியா வரும்." பிறகு கேட்டாள்: "என்கிட்டகூடவா பொய் சொன்னீங்க?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது, அதுவும் யாருடைய குட்டு! தெரு பேசி வைத்துக்கொண்டது நிஜம். அவர் மூக்கு தப்பு செய்யவில்லை. ஆனால் அத்தனை வருஷ சர்வீஸில், டிக்கெட் இல்லாமலே "இருக்கிறது" என்று சாதித்தவர்களைத்தான் அவர் பார்த்திருந்தார். டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்ன ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

வந்த முதல் பஸ்ஸில் ஏறினார். உட்கார முடியவில்லை. டிரைவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களைப் பார்த்து, "சீக்கிரம் ஏறுங்கம்மா, சீக்கிரம்" என்று கெஞ்சினார். செக்கர் கெஞ்சி அந்த டிரைவர் பார்த்ததே இல்லை.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் மகள் தனியாகச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். மற்ற பிள்ளைகள் உள்ளே பெஞ்சில் இருந்தார்கள். நிற்க நேரமில்லாமல் உள்ளே ஓடினார்.

ஆபீசர் பதிவேட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். சுவர் ஓரமாக லைன்மேனும் டீச்சரும், பக்கத்தில் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு செக்கரின் மனைவியும் நின்றார்கள்.

"சார், ஒரு நிமிஷம் சார்! இருக்கு சார்!"

"பேப்பர் இல்லைன்னா பிள்ளை இல்லைன்னுதான் கணக்கு" என்றார் ஆபீசர். "கையில இல்லைன்னா டிக்கெட் இல்லைன்னுதான் கணக்கு" என்று செக்கரும் தினமும் பஸ்ஸில் சொல்வார்.

"பையிலதான் சார் இருக்கு!" மேல்பையில் பாஸ் வந்தது, பேனா வந்தது, டி.சி. வரவில்லை. பேண்ட் பைகளை வெளியே இழுத்தார். இதே மாதிரி பைகளை இழுத்துக் காட்டிய எத்தனை பேரை, "நடிக்காதய்யா, இறங்கு" என்று அதட்டியிருக்கிறார். கடைசியில் உறை சட்டைப் பையின் தையலுக்குள் இறங்கிக்கிடந்தது. பிடுங்கி எடுத்ததில் பை கிழிந்தது.

ஆபீசர் காகிதத்தைப் பிரித்தார். தேதியைப் பார்த்தார். பிறகு செக்கரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இவ்வளவு நாளா கையிலயே வச்சிருந்தீங்களா? ஏன்?"

சொல்வதற்கு ஆயிரம் சாக்கு இருந்தது. ஆயிரத்தையும் அவர் பிறர் வாயில் கேட்டவர்.

"இவங்க யாரையும் நான் நம்பல சார்."

லைன்மேன் தலையைக் குனிந்துகொண்டார். ஆபீசர் காகிதத்தை மடித்தார். பிறகு பையைத் திறந்து, பதிவேட்டை வெளியே எடுத்து, டீச்சரிடம் நீட்டினார். "என் கண்ணு முன்னாடியே எழுதுங்க" என்றார்.

டீச்சர் மகளின் பேரை எழுதி முடித்தார்.

லைன்மேன் செக்கர் பக்கத்தில் வந்து நின்றார். "முன்னாடியே சொல்லியிருக்கணும் சார். விஷயம் தெரிஞ்சா வரமாட்டீங்களோன்னு பயம். தப்புதான்."

"சொல்லியிருந்தா மட்டும் நான் நம்பியிருப்பேனா?" என்றார் செக்கர். மனைவி அவர் பக்கம் திரும்பவேயில்லை. கிழிந்து தொங்கிய சட்டைப் பையை மட்டும் ஒரு முறை பார்த்தாள்.

அவர் வராந்தாவுக்கு வந்தார். மகள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. வலது கையை இறுக்கி மூடியிருந்தாள்.

"அப்பா, நான் டிக்கெட் எடுக்காம உக்காந்துட்டேனா?"

"யார் சொன்னா?"

"அந்த மாமா என்னை மட்டும் எழுந்து வெளிய நிக்கச் சொன்னாரு. நீங்க பஸ்ல அப்படித்தானே பண்ணுவீங்க?" அவள் கையைத் திறந்தாள். பன்னுக்குக் கொடுத்து டீக்கடைக்காரர் வாங்காமல் திருப்பிய காசு, வியர்வையில் நனைந்து, உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. "அபராதம் இது போதுமாப்பா? கட்டிட்டா உள்ள விட்டுடுவாங்கல்ல?"

செக்கர் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடினார். "அபராதம் உனக்கில்லடா கண்ணு" என்று சொல்ல முயன்றார். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. உள்ளேயிருந்து டீச்சர் அவள் பேரைச் சொல்லி வகுப்புக்குக் கூப்பிட்டார்.