அண்ணாவின் உச்சி

பாரிஸ் லா ஷப்பெல்லில், எங்கள் தமிழ்க் கடையொன்றில் யாரோ நோவெண்ணெய்ப் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அந்த மணத்தில் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

எண்பதுகளில் ஞாயிறுதோறும் பூங்காவில் எங்கள் ஆட்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். கிழமை முழுக்க உணவகங்களில் கோப்பை கழுவிய பெரியவர்களுக்குத் துடுப்பெடுத்து அடிக்கத்தான் ஆசை. வேகமாய்ப் பந்து போட, பதினான்கு வயது அண்ணா மட்டும்தான். "இன்னும் ரெண்டு ஓவர் போடு ராசா" என்று அப்பாவே கெஞ்சுவார்.

திங்கள் காலையில் அண்ணாவால் வலது கையை உயர்த்த முடியாது. நான்தான் தோளில் எண்ணெய் தேய்த்து, சீப்பால் உச்சி பிரித்துத் தலை இழுத்துவிடுவேன்.

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதை. பிறகு விளையாட விடமாட்டா."

நான் சொல்லவில்லை. அண்ணா விக்கெட் எடுத்தால் எனக்கும் குடிக்க லெமொனாட் கிடைக்கும்.

அண்ணாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்றும் இடது கையால்தான் தலை இழுக்கிறார். உச்சி கோணலாகவே விழுகிறது.