கயிலாயம் போகும் வழியில் என் வீடு

1. ரயிலில் ஏலுமோ?

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருபத்தாறு வருடம் டிராவல் ஏஜென்சி நடத்தினேன். கொழும்பு, சென்னை டிக்கெட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் கொடுப்பேன். ரயில் டிக்கெட் கேட்டு வந்த முதல் ஆள் பரம் அண்ணை. காதில் ஒப்பரேஷன் செய்தவர். இனி விமானம் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவருக்கோ கயிலாய மலையைப் பார்க்க வேண்டும்.

"ஒருக்காக் கண்ணால கண்டாப் போதும், தங்கச்சி. ரயிலில ஏலுமெண்டாச் சொல்லுங்கோ."

ஏலும் என்று சொல்லிவிட்டு, அவர் போன பிறகுதான் மேப்பை விரித்தேன். மொஸ்கோ வழியாக ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. லண்டனிலிருந்து மொஸ்கோ, பிறகு பீஜிங், பிறகு லாசா, அதற்கப்பால் ஜீப். பீஜிங் ரயில் வாரத்துக்கு ஒன்றுதான். அதைத் தவறவிட்டால் திபெத் பெர்மிட் காலாவதியாகிவிடும், அந்த வருடம் பயணமே இல்லை. இரண்டு மாதம் மண்டையை உடைத்து, ஞாயிறு காலை புறப்படும்படி எல்லாவற்றையும் புக் பண்ணினேன்.

2. அட்டமி

புறப்பட ஐந்து நாள் இருக்கும்போது அண்ணையும் மனைவி இந்திரா அக்காவும் ஒபிசுக்கு வந்தார்கள். அண்ணையின் கையில் பஞ்சாங்கம்.

"ஞாயிற்றுக்கிழமை அட்டமி, தங்கச்சி. வெளிக்கிட ஏலாது. வெள்ளி பின்னேரம்தான் நல்ல நேரம்."

"விசாத் திகதி மாத்தேலாது அண்ணை. முன்னுக்குப் போனா ரஷ்யா போடரில திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"அப்ப இது சரிவராது."

அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் நம் ஆட்களிடம் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. நல்ல நேரத்தில் வீட்டை விட்டு இறங்கி, இன்னொரு வீட்டில் தங்கி, ரயில் நேரத்துக்கு அங்கிருந்து போகலாம். படியிறங்கிய நேரம்தான் கணக்கு. நடுவில் தன் வீட்டுக்குத் திரும்பக் கூடாது, அவ்வளவுதான்.

"எங்கட மேல் அறை சும்மாதான் கிடக்குது," என்றேன்.

வெள்ளி பின்னேரம் இருவரும் மூன்று சூட்கேஸ்களோடு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். தேத்தண்ணி குடித்துக்கொண்டே அண்ணை கேட்டார், "பாஸ்போர்ட் எப்ப வருது தங்கச்சி?"

"விசா குத்தி நாளைக்குத் தபாலில வருது," என்று சொல்லும்போதே எனக்கு நினைவு வந்தது. நான் எழுதிக் கொடுத்திருந்தது அவர்களுடைய வீட்டு விலாசம்.

3. தபால்காரர்

கையெழுத்துப் போட ஆள் இல்லாவிட்டால் கவர் தபால் டிப்போவுக்குப் போய்விடும். பிறகு திங்கட்கிழமைதான் எடுக்கலாம்.

"வாசலில நிண்டு வாங்குங்கோவன் அண்ணை. உள்ளுக்குப் போக வேண்டாம்."

"வாசல் படலையைத் தொட்டாலே பயணம் முறிஞ்ச மாதிரித்தான்."

இந்திரா அக்கா முன்கதவுத் திறப்பை என்னிடம் நீட்டினார். "இந்த மனுசனோட மல்லுக்கட்டாதேங்கோ. நீங்களே போங்கோ."

சனி காலை எட்டு மணிக்கு அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்தேன். பாத்ரூமுக்குப் போகவும் பயம். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அண்ணை போன் எடுத்து, "வந்திட்டானோ?" என்று கேட்டார். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தபால்காரர் வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே என் வீட்டுக்கு ஓடினேன். பாஸ்போர்ட்டுகளை அண்ணை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மறுநாள் அட்டமியில் ரயில் ஏறினார்கள்.

4. போன்

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். டைம்டேபிளைத் திறப்பதற்கு முன், வீட்டை விட்டு எப்போது இறங்குவீர்கள் என்று ஆளிடம் கேளுங்கள். விலாசத்தையும் இன்னொரு தரம் பாருங்கள்.

மூன்று வாரம் கழித்து போன் வந்தது.

"கண்டிட்டம், தங்கச்சி," என்றார் அண்ணை.

இந்திரா அக்கா போனை வாங்கினார். "லாசா ரயிலில மூக்கில ஒக்சிசன் குழாயோடயும் கதைச்சுக்கொண்டுதான் வந்தவர். மலையைக் கண்டாப் பிறகுதான் வாய் அடங்கினது."

வைக்கப் போகும்போது அண்ணையின் குரல் மறுபடி கேட்டது. "தங்கச்சி, நாங்கள் லண்டன் வந்து சேருறது செவ்வாய்க்கிழமை. வீட்டுக்குள்ள போக அவ்வளவு நல்ல நாளில்லை."

அன்றைக்கே மேல் அறைக் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன்.