விஜயதசமியன்று விழிக்காத கணினி

எங்கள் வீட்டுக் கணினிக்கு வயது பதினான்கு. உடம்பு பழையது, உள்ளே மட்டும் புதுசு. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றை என் கையாலேயே போட்டிருந்தேன். அதை விற்ற கடைக்காரர் போட்டுத் தருவதாகத்தான் சொன்னார். நாலு திருகாணிக்கு ஆள் வைப்பதா? அதற்குப் பிறகு ஹட்டன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பலருக்கு எஸ்.எஸ்.டி. பற்றிய விளக்கம் இலவசமாகக் கிடைத்தது.

சரஸ்வதி பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். பூஜையில் வைத்த படிப்புச் சாமானை மறுநாள் விஜயதசமி வரை தொடக் கூடாது. என் மனைவி ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. மூன்று வாரமாக அவள் தட்டெழுதிய மாதிரி வினாத்தாள் அந்தக் கணினிக்குள்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது. விஜயதசமிக்கு அடுத்த நாள் காலை நாற்பது பிள்ளைகள் அதை எழுத வேண்டும்.

விஜயதசமியன்று காலை கற்பூரம் காட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. துவக்குவதற்கு வட்டு இல்லையாம், சரியான வட்டைப் போட வேண்டுமாம்.

"என்னங்க, நல்ல நாளும் அதுவுமா இங்கிலீசுல திட்டுது?"

"ஒன்னுமில்ல. குளிரு. நேத்தெல்லாம் சும்மா கெடந்துச்சில்ல."

எங்கள் மலைநாட்டுப் பக்கத்தில் எது பழுதானாலும் முதல் குற்றவாளி குளிர்தான். பெட்டியைத் திறந்து, அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டுக் காயவைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் அதே இரண்டு வரி. கேபிளைக் கழற்றி மாட்டினேன். அதே இரண்டு வரி. எஸ்.எஸ்.டி. செத்துவிட்டது என்று அறிவித்தேன்.

மனைவி அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருக்கலாம். ஒரு தாளை எடுத்து, ஞாபகத்திலிருந்து முதல் கேள்வியை எழுதத் தொடங்கினாள்.

வேறு வழியில்லாமல் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அதுக்குள்ள அதக் கொன்னுபுடாதீங்க சேர். பின்னால ஏதாச்சும் சொருகியிருக்கா?"

"ஒரு பென் டிரைவ் இருக்கு. பூஜைக்கு வச்சது."

"பென் டிரைவுக்குமா பூஜை?"

"அதுவும் படிப்புச் சாமான்தானே? தனியா வச்சா தொலஞ்சிரும்னு நாந்தான் சொருகுனேன்."

"கழட்டிட்டுப் போடுங்க சேர்."

கழற்றினேன். கணினி உடனே விழித்துக்கொண்டது.

எஸ்.எஸ்.டி. போட்ட நாளில், வேறொரு பென் டிரைவிலிருந்து விண்டோஸ் ஏற்றுவதற்காக, கணினியின் அமைப்பை 'முதலில் பென் டிரைவைப் பார்' என்று நானே மாற்றி வைத்திருந்தேன். திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். கணினி சொன்ன சொல் தவறாமல் இந்தப் பென் டிரைவைப் பார்த்தது. இதில் இருந்தவை என் கட்டுரைகள். அவற்றை வைத்து எதையும் துவக்க முடியாது என்று அது முடிவெடுத்ததில் குறை சொல்ல முடியவில்லை. காலை முழுக்க அந்தப் பென் டிரைவை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சந்தனம் அழியாமல் அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தவனும் நானே.

வினாத்தாள் பத்திரமாக இருந்தது. கூப்பிட்டேன். மனைவி வந்து திரையை ஒரு தடவை படித்தாள், கையிலிருந்த தாளை ஒரு தடவை படித்தாள்.

"கையால எழுதுனதுதாங்க நல்லாருக்கு. இதையே முழுசா எழுதி முடிச்சித் தாரேன். நீங்க டைப் பண்ணிருங்க."

"நானா?"

"எனக்குச் சமையல் கெடக்கு. நீங்கதானே காலையிலருந்து அடுப்ப மறிச்சிக்கிட்டு இருந்தீங்க."

மாலை வரை தட்டெழுதினேன். கணினி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பன்னிரண்டாம் கேள்விக்குப் பிறகு, ஒரு தடவை நின்றால்தான் என்ன என்று இருந்தது.