தவலையில் விட்ட குஞ்சுகள்

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று நாற்பத்திரண்டில் பட்டணமே காலியானபோது, என் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையை மாமியாரோடு கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பினேன். என் கணவருக்குக் குடிநீர் பம்பு நிலையத்தில் வேலை. ஊரை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. அவருக்கு வடித்துக்கொட்ட நான் தியாகராய நகர் வீட்டில் தங்கினேன். நான் சுத்தத் தொடைநடுங்கி. தெருவில் ஜட்கா வண்டி கடகடத்தாலும் எனக்கு அது விமானம்தான்.

கூடத்தில் கணவரின் அண்ணா வளர்த்த கண்ணாடி மீன்தொட்டி இருந்தது. அவரும் குடும்பத்தோடு கிளம்பிவிட்டதால் அது என் தலையில் விழுந்தது. சிவப்பு மீனும் கறுப்பு மீனும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மீனுக்குப் புழு கொண்டுவரும் அடையாற்றுக்காரர், ஆற்றில் பிடித்த மஞ்சள் மீன் ஒரு ஜோடியையும் அதில் விட்டிருந்தார். பரம சாது அவை. ஒரு நாள் காலையில் பார்த்தால், அந்தச் சாதுக்கள் இரண்டும் மற்ற மீன்களை முட்டி முட்டித் துரத்திக்கொண்டிருந்தன. சிவப்பு மீன்கள் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. வெறி பிடித்துவிட்டதோ என்று பயந்துகொண்டே கிட்டே போனேன். தாய் மீனின் வயிற்றடியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கும்பல் குஞ்சுகள். கண் மட்டும்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து என் பயத்துக்கு இன்னொரு வேலை கிடைத்தது. குஞ்சுகள் தாய் தகப்பன் உடம்பைக் கொத்திக்கொண்டே கூடவே திரிந்தன. பார்க்கும்போதெல்லாம் குழந்தை ஞாபகம் வந்தது. குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை, மற்றபடி சௌக்கியம் என்று மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. மற்றபடி என்ன சௌக்கியம் என்று அந்தக் காகிதத்தோடு சண்டை போட்டேன். ஆனாலும் அங்கே குண்டு விழாதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

குண்டு அதிர்ச்சியில் சில்லு தெறிக்காமலிருக்க ஜன்னல் கண்ணாடிகளில் காகிதப் பட்டை ஒட்டச் சொல்லியிருந்தார்கள். ஜன்னலுக்கு ஒட்டிய கையோடு தொட்டிக்கும் ஒட்டினேன். ஒட்டியும் நிம்மதியில்லை. ஒரு மத்தியானம் அபாயச் சங்கு அலறியது. என் கணவர் வேலையில் இருந்தார். மாடிப்படிக்கு அடியில் பதுங்க வேண்டியவள் கூடத்துக்கு ஓடினேன். தொட்டி உடைந்தால் இத்தனை குஞ்சும் தரையில் துடிக்குமே! வீட்டிலேயே உசத்தியான, சுத்தமான பாத்திரம் நாங்கள் குடிதண்ணீர் வைக்கும் செம்புத் தவலைதான். கரண்டியால் குஞ்சுகளை மொண்டு மொண்டு அதில் விட்டேன். தாய் மீன் என் விரலைக் கடித்தது. சற்று நேரத்தில் சங்கு ஓய்ந்தது. வெறும் ஒத்திகை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இருந்தாலும் குஞ்சுகளைத் திரும்பக் கண்ணாடிக்குள் விட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் காலையில் தவலை அடியில் எல்லாம் வெளுத்துக் கிடந்தன. புழு கொண்டுவந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, செம்புலயா போட்ட? அது நமக்குத்தான் நல்லது. குஞ்சுக்கு வெசம். அதுவுமில்லாம, தாய் மேல கீற பசையைத் துன்னுதான் அது வளரும். பிரிச்சா எங்க வச்சாலும் உசிரு நிக்காது."

கொன்றது ஜப்பான்காரன் இல்லை, நான்தான். தொட்டியில் மஞ்சள் மீன்கள் இரண்டும் மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருந்தன. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

என் கணவர் சாப்பிட உட்கார்ந்ததும், "நாளைக்கே போய்க் குழந்தையை அழைச்சுண்டு வந்துடறேன்" என்றேன்.

"நோக்கென்ன பைத்தியமா? இங்கே குண்டு விழுந்தா?"

நான் பரிமாறின சாதம் இலைக்கு வெளியே சிந்தியது.

"விழட்டும். அவ என் இடுப்புல இருக்கறச்சே விழட்டும்."