குதிரையின் களிம்பு

சித்தூரிலிருந்து எருத்தேன்பதி போகும் சாலையில், ஒரு பழைய அரிசி ஆலைக்குள் உலகம் இருந்தது. கப்பலில் டாக்டராக இருந்த ஒருவர் துறைமுகம் துறைமுகமாக வாங்கிச் சேர்த்ததையெல்லாம் அங்கே வைத்து, மியூசியம் என்று பலகை மாட்டியிருந்தார். ஆப்பிரிக்க முகமூடி, ஜப்பானிய விசிறி, பெரு நாட்டுப் பானை. உமி வாசனை மட்டும் உள்ளூர்.

கல்லூரி முடித்த கையோடு எனக்கு அங்கே வேலை. டிக்கெட் கிழிப்பேன், பொருள்களின் பக்கத்தில் வைக்கும் அட்டைகளுக்கு இரண்டு வரி எழுதுவேன். நான் எழுதியதில் அதிகம் பேர் நின்று படித்தது இன்றுவரை அந்த அட்டைகளைத்தான்.

கூட்டித் துடைக்க ஓர் அக்கா வருவார். கணவர் இல்லை. இரண்டு பெண்கள் சாப்பிடுவதும் படிப்பதும் அந்தச் சம்பளத்தில்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், பித்தளைச் சாமான்களை விளக்கிவிடச் சொன்னேன். இத்தாலி வெண்கலக் குதிரையின் முன் அவர் தயங்கினார்.

"தம்பி, இது பச்சையாக் கெடக்குதுங்களே, இதையுமா?"

கையில் நல்ல நாவல். எல்லாவற்றையும்தான் என்றேன், தலை நிமிராமல்.

புளி, தேங்காய் நார், அரை மணி நேரம். நிமிர்ந்து பார்த்தால் குதிரை கல்யாண வீட்டுக் குத்துவிளக்காட்டம் மின்னுகிறது. பக்கத்தில் என் அட்டை: 'பச்சைக் களிம்பே இதன் அழகு. தொடாதீர்கள்.'

மறுநாள் பூஜைக்கு வந்த டாக்டர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். யார் செய்தது என்றார்.

"நாந்தானுங்க."

யார் சொல்லி?

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆரும் சொல்லலீங்க. ஊட்டுல வெளக்கறாப்பல வெளக்கிப்போட்டனுங்க."

இனி வரவேண்டாம் என்றார் டாக்டர். நான் ஆப்பிரிக்க முகமூடியைப் பார்த்தேன். என் முகத்துக்கு அது தேவலை. அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் படியிறங்கிய பிறகுதான் எனக்கு வாய் வந்தது. விளக்கச் சொன்னது நான்தான் என்றேன்.

"இந்த அட்டைய எழுதுனது நீதானே?" என்றார் டாக்டர்.

ஆமாம் என்றேன். என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். அக்காவைக் கூட்டிவர என்னையே ஓடச் சொன்னார். பஸ் வருவதற்குள் பிடித்துவிட்டேன்.

பல வருஷம் கழித்துப் போன மாதம் அங்கே போயிருந்தேன். டாக்டர் இப்போது இல்லை, மகள் நடத்துகிறார். அக்காவுக்குத் தலை முழுக்க வெள்ளை. பெண்கள் இருவரும் சம்பாதிக்கிறார்கள். ஆனாலும் அக்கா வேலையை விடவில்லை. வா என்றுகூடச் சொல்லாமல் என்னைக் குதிரையிடம் கூட்டிப் போனார். காதுக்குப் பின்னால், விரல்நகம் அளவுக்குப் பச்சை.

"மறுபடி புடிக்குதுங்க தம்பி. ஒருத்தரையும் கை வெக்க உடறதில்லீங்க."

என் கையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். பின்னால் கட்டிக்கொண்டேன்.