பாலைவனத்தில் கற்பூரம்

யுத்தம் முடிந்த அந்த வைகாசியில் நாங்கள் சுற்றுலா போனோம். இதை வெளியில் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கம். வன்னியில் அகப்பட்டிருந்த தம்பியிடமிருந்து ஐந்து கிழமையாக ஒரு சொல் இல்லை. அக்கா, ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறியிருந்த அஜின்கோர்ட் வீட்டில் ரீவிக்கு முன்னால் பாய் போட்டுக் கிடந்து, சோறு தண்ணீர் இல்லாமல், செத்தவர்களின் படங்களில் அவனைத் தேடிக்கொண்டிருந்தார். ஆளை எங்கேயாவது வெளியில் கூட்டிப்போகும்படி டொக்டர் சொன்னார். அவர் நயாகராவைத்தான் நினைத்திருப்பார். அத்தானோ அமெரிக்காவின் மறுகோடியில் ஒரு பாலைவனத்தைத் தெரிவுசெய்தார். அங்கே ஆயிரம் வருடத்துக்கு முந்திய கல்வீடுகள் இடிந்து கிடக்கின்றனவாம்.

"ரீவியில இடிஞ்ச வீடு பாத்தது காணாதோ அத்தான்?" என்று கேட்டேன்.

"உது பழைய இடிவு. உதுக்கு ஒருத்தரும் அழத் தேவையில்லை."

அக்கா ஒரு நிபந்தனையோடுதான் எங்கள் வான் வண்டியில் ஏறினார். தம்பிக்கு மனப்பாடமாகத் தெரிந்தது வீட்டு நம்பர் ஒன்றுதான். அதற்கு வரும் அழைப்பெல்லாம் தன் செல்போனுக்கு வரும்படி மாற்றச் செய்து, அந்தப் போனைப் பிடித்தபடியே மூன்று நாள் இருந்தார். நான் மோட்டல் அறைகளில் ரின்னில் அடைத்த மீனை உடைத்துக் கறி வைத்தேன். ஓரிடத்தில் புகை அலாரம் அடித்து, மோட்டல் முழுக்க இரவு உடுப்போடு முற்றத்துக்கு வந்தது.

கடைசித் தூரம் முழுக்க மண் ரோடு. இடிபாடுகளின் முன்னால் வான் நின்றதும் அக்கா போனைப் பார்த்தார். சிக்னல் இல்லை. நான் அத்தானைப் பார்த்தேன். மனுசன் தெரிந்துதான் கூட்டி வந்திருக்கிறார்.

"இஞ்சரும், ஒரு ரெண்டு மணித்தியாலம் உந்தப் போனைப் பாக்காமல் இரும் எண்டுதான்..." என்று இழுத்தார்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நேரே நடந்துபோய், நிலத்துக்குள் வட்டமாகக் கட்டியிருந்த ஒரு பள்ளத்தின் அருகே நின்றார். அந்தக் காலத்துச் சனம் கும்பிட்ட இடம் என்று பலகையில் எழுதியிருந்தது. அவருக்கு அது போதும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டு, வலமாகச் சுற்றத் தொடங்கினார். யாருடைய சாமி என்று பார்க்கும் நிலைமையில் அவர் இல்லை. அத்தானும் நானும் சப்பாத்தைக் கழற்றினோம். கும்பிடும் இடத்தில் அதோடு நிற்க எங்களுக்கு வராது. மண் தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

வரிசையாக இருந்த எங்கள் சப்பாத்துகளைக் கண்ட ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, இதுதான் இங்கே முறை என்று நினைத்துத் தங்களுடையதையும் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பேர். மூன்றாவது சுற்றில் அக்காவுக்குப் பின்னால் எட்டுப் பேர் துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு கிழவர் என்னிடம் எத்தனை சுற்று என்று மரியாதையாகக் கேட்டார். மூன்று என்றேன். நன்றி சொன்னார்.

அக்கா கைப்பையிலிருந்து கற்பூரம் எடுத்து ஒரு கல்லில் வைத்துக் கொளுத்தினார். உடனே காவலாளி பாய்ந்து வந்து அதை மிதித்து அணைத்தார். அங்கே சப்பாத்தோடு நின்ற ஒரே ஆள் அவர்தான். இது என்ன கூட்டம், யார் தலைவர் என்று அதட்டினார். எட்டுப் பேரும் அக்காவைக் காட்டினோம்.

அத்தான் விளக்கப் போனார். யுத்தம், தம்பி, போன் என்று மூன்று சொல் சொல்லிவிட்டு, அக்காவின் கையிலிருந்த போனைக் காட்டினார். காவலாளி கற்பூரத்தின் மேலிருந்த காலை எடுத்தார். பிறகு பின்னால் இருந்த குன்றைக் காட்டி, அதன் உச்சியில் சிலவேளை சிக்னல் கிடைக்கும் என்றார்.

அக்கா வெறுங்காலோடு ஏறினார். அவருடைய செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அத்தான் பின்னால் ஓடினார்.

உச்சியில் போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. பதிவாகியிருந்த குரல்கள் மூன்று. முதலாவது, எங்கள் வீட்டுக் காற்றுக்குழாய்களைச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்ன ஒரு பெண். இரண்டாவதும் அவளே. மூன்றாவது தம்பி.

"அக்கா, நான்தான். உயிரோட இருக்கிறன். முகாமில நிக்கிறன். இது ஆரோ ஒராளின்ர போன், உடன குடுக்கவேணும்." பின்னால் யாரோ அவனை அவசரப்படுத்தினார்கள். "அக்கா, எங்க போயிட்டியள்? வீட்டில ஒருத்தரும் இல்லையோ?"

அத்தோடு முடிந்தது. அத்தான் அப்படியே குந்திவிட்டார். நான் வாய்விட்டு அழுதேன். அக்கா மட்டும், பேச்சு நின்றுபோன போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, கீழே இடிந்து கிடந்த வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினார்.

"வீட்டிலதானடா நிக்கிறன்! அக்கா வீட்டிலதானடா நிக்கிறன்!"